மட்டி, சிப்பி நச்சு ஆய்வகம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கடலூர், பரங்கிப்பேட்டை, புதுச்சேரிப் பக்கம் மட்டி, சிப்பி நச்சு பார்க்கும் ஆய்வகத்தை நடத்துபவருக்காக எழுதியது இது. திரையில் தெரியும் கோளாறு பெரும்பாலும் கருவியில் பிறந்ததாக இருக்காது. ஐஸ் பெட்டியிலோ, வெந்நீர்க் குளியலிலோ, பிஹெச் மீட்டரிலோ, கணக்குத் தாளிலோ பிறந்து திரையில் வந்து நிற்கும். ஆகவே சர்வீஸ் இன்ஜினியரை அழைக்கும் முன் மாதிரி வந்த வழியே பின்னோக்கி நடந்து பாருங்கள்.

இன்னொன்று. நம் வேலையில் இல்லாத நச்சை இருப்பதாகச் சொன்னால் ஒரு வாரப் பிழைப்பு போகும். இருக்கும் நச்சை இல்லை என்றால் உயிர் போகும். மட்டியில் சேரும் நரம்பு நச்சான சாக்ஸிடாக்ஸின் வேகவைத்தாலும் குழம்பு கொதித்தாலும் அழியாது, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் இந்த நச்சால் உயிர்கள் போனதைக் கேட்டிருப்பீர்கள். அதனால் எண் கூடுதலாக வரும் அறிகுறிகளைவிடக் குறைவாக வரும் அறிகுறிகளுக்கே கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முதலில் மேசையில் ஒட்டி வைக்க வேண்டிய எண்கள்

பன்னாட்டு உணவுத் தரமான கோடெக்ஸ் 292-2008 தரும் வரம்புகள், உண்ணும் சதை கிலோவுக்கு: சாக்ஸிடாக்ஸின் குழு 0.8 மி.கி., ஒகடாயிக் அமிலக் குழு 0.16 மி.கி., டோமோயிக் அமிலம் 20 மி.கி., அஸாஸ்பைராசிட் 0.16 மி.கி. ஏற்றுமதிக்கான மாதிரி என்றால் வாங்கும் நாட்டின் வரம்பையும் தனியே எழுதி வையுங்கள்.

இவை சதையில் உள்ள அளவுகள். கருவிக்குள் போவதோ நீர்த்த சாறு. வரம்பில் நிற்கும் ஒரு மாதிரி சாற்றில் எவ்வளவு காட்ட வேண்டும் என்பது தலைவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். சாக்ஸிடாக்ஸினுக்கான ஏ.ஓ.ஏ.சி. 2005.06 முறையில் 5 கிராம் சதை 10 மி.லி. ஆகிறது. அதில் 1 மி.லி. சி18 கார்ட்ரிட்ஜ் (சாற்றைத் தூய்மையாக்கும் சிறு குழாய்) வழியே போய் 4 மி.லி. ஆகிறது. ஆக மி.லி.க்கு 0.125 கிராம் சதை. வரம்பு மாதிரி அங்கே மி.லி.க்கு 0.1 மைக்ரோகிராம் காட்ட வேண்டும். டோமோயிக் அமிலத்துக்கு 4 கிராம் சதையுடன் 16 மி.லி. பாதிக்குப் பாதி மெத்தனால்-நீர் சேர்த்தால் மி.லி.க்கு 4 மைக்ரோகிராம். ஒகடாயிக் அமிலத்துக்கு 2 கிராம் 20 மி.லி. ஆகும்போது மி.லி.க்கு 16 நானோகிராம். உங்கள் ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த நச்சுக் கரைசல்) வரிசை இந்த எண்களுக்கு மேலும் கீழும் இல்லையென்றால் வேறு எதைச் சரிபார்த்தும் பயனில்லை.

அறிகுறி: மட்டி வாய் பிளந்து வருகிறது, பையில் தண்ணீர் நிற்கிறது

உயிருள்ள மட்டியை நேரடியாக ஐஸ் மேல் கொட்டியிருப்பார்கள். உருகும் நன்னீரில் கிடந்தால் அது சாகும், சதை நீர் குடித்து எடையும் கெடும். தெர்மாக்கோல் பெட்டியில் அடியில் ஐஸ், மேலே நனைத்த சாக்கு, அதற்கு மேல் மட்டி. வடிகிற நீர் மட்டியைத் தொடக்கூடாது. மூடியை எடுத்ததும் பெட்டிக்குள் வெப்பமானி வைத்து அளவைப் பதிவேட்டில் எழுதுங்கள். சில்லென்று இருந்தது என்பது அளவு ஆகாது.

தட்டினால் மூடாத மட்டி செத்தது, ஒதுக்குங்கள். பாதிக்கு மேல் செத்திருந்தால் அந்த மாதிரியை நிராகரிக்க வேண்டும். கொண்டு வந்தவர் விடியற்காலையில் வெள்ளாற்றில் இறங்கி எடுத்திருப்பார், திருப்பி அனுப்ப மனம் வராது. ஆனாலும் மாதிரி ஏற்கும் விதியைத் தலைவரே தளர்த்தினால் கீழே உள்ளவர் எவரும் அதைக் காக்கமாட்டார்.

உரிக்கும் முறையில் நழுவும் இடங்கள் மூன்று. ஓட்டை வெளிப்புறம் நன்னீரில் கழுவி, மூடு தசையை அறுத்துத் திறந்து, உள்ளே மணலை நன்னீரால் அலசி, சதையைச் சல்லடையில் 5 நிமிடம் வடிய விட வேண்டும். எளிதாகத் திறக்கட்டும் என்று வெந்நீரில் போடக்கூடாது. 100 முதல் 150 கிராம் சதை சேர வேண்டும். நம் கழிமுக மட்டி சிறியது, ஒன்றில் சில கிராம்தான் தேறும். ஆகவே எண்ணிக்கையைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். உறைந்து வந்த சதையானால் கதை வேறு: உருகும்போது வடியும் நீரில் நச்சும் இறங்கியிருக்கும். அதைக் கொட்டாமல் சதையோடு சேர்த்தே அரைக்க வேண்டும்.

அறிகுறி: ஒரே மாதிரியின் இரண்டு எடைகள் ஒத்துவரவில்லை

ஒன்று 0.5, மற்றது 0.8 என்று வந்தால் பிப்பெட்டைத் திட்டுவதற்கு முன் மிக்சியைப் பாருங்கள். நச்சு சதை முழுதும் சமமாகப் பரவியிருப்பதில்லை, பெரும்பகுதி செரிமானச் சுரப்பியில், அந்தக் கரும்பச்சைப் பகுதியில் இருக்கிறது. அது சரியாக அரையாமல் ஒரு துண்டு 5 கிராமுக்குள் விழுந்தால் அந்த எடை கூடிவிடும், மற்றது குறைந்துவிடும்.

சோதிக்கும் வழி: அரைத்த விழுதை மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை பாருங்கள். இடத்துக்கு இடம் வேறுபாடு பெரிதாகவும், ஒரே இடத்தில் எடுத்த இரண்டும் நெருக்கமாகவும் இருந்தால் குற்றம் அரைப்பில். மூன்று, நான்கு நிமிடம் விட்டுவிட்டு அரைத்து, நடுவில் பக்கவாட்டில் ஒட்டியதை வழித்துவிடுங்கள். தொடர்ந்து ஓட்டினால் விழுது சூடாகும். மணல் அலசப்படாத மட்டி பிளேடை இரண்டே மாதத்தில் மழுக்கிவிடும். அப்புறம் அது அரைக்காது, நசுக்கும்.

ஒரே இடத்தில் எடுத்த இரண்டும் ஒத்துவரவில்லை என்றால்தான் எடைத் தராசு, பிப்பெட், கார்ட்ரிட்ஜ் என்று போக வேண்டும்.

அறிகுறி: சாக்ஸிடாக்ஸின் ரெகவரி குறைகிறது

இதுதான் ஆபத்தானது. நச்சில்லாத விழுதில் தெரிந்த அளவு சேர்த்துப் பார்க்கும்போது 80 விழுக்காடு வந்துகொண்டிருந்தது 55-க்கு இறங்குகிறது என்றால், அதே நாளில் வந்த மற்ற மாதிரிகளும் அவ்வளவு குறைத்தே சொல்லப்படுகின்றன. முதல் வேலை, அந்தத் தொகுதியின் முடிவுகளை நிறுத்தி வைப்பது. காரணம் தேடுவது இரண்டாவது.

ஸ்டாண்டர்டின் பீக் (திரையில் எழும் முகடு) பரப்பு பழைய நாட்களைப் போலவே இருக்கிறதா? இருந்தால் கருவியும் ஆக்ஸிஜனேற்றமும் (நச்சை ஒளிரும் பொருளாக மாற்றும் படி) நலம், குற்றம் சாறெடுப்பில் அல்லது கார்ட்ரிட்ஜில். ஸ்டாண்டர்டும் சேர்ந்து சரிந்திருந்தால் குற்றம் ஆக்ஸிஜனேற்றத்தில் அல்லது விளக்கில். இந்தக் கேள்வி பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

சாறெடுப்பில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வெந்நீர்க் குளியல். 3 மி.லி. 1 விழுக்காடு அசிட்டிக் அமிலத்துடன் 5 நிமிடம் கொதிநிலை என்பது குழாய்க்குள் இருக்க வேண்டிய நிலை. இருபது குளிர்ந்த குழாய்களை ஒரே நேரத்தில் இறக்கினால் குளியல் 90-க்கும் கீழே போய், 5 நிமிடம் முடியும்போதுதான் மீண்டு வரும். ஒரு வெற்றுக் குழாயில் அமிலமும் வெப்பமானியும் வைத்துப் பாருங்கள். எட்டு எட்டாக இறக்குங்கள். அடுத்து, இரண்டாவது 3 மி.லி. சாறெடுப்பு. அவசரத்தில் கலக்காமல் ஊற்றிவிட்டு சென்ட்ரிஃபியூஜில் வைத்தால் அடியில் கட்டியான சதைக்குள் நச்சு தங்கிவிடும். கம்பியால் கட்டியை உடைத்துவிட்டுக் கலக்க வேண்டும்.

சி18 கார்ட்ரிட்ஜில் நச்சு தங்காமல் வழியே போய்விட வேண்டும். 6 மி.லி. மெத்தனால், 6 மி.லி. நீர் விட்டு ஈரப்படுத்திய பின் காய விடாதீர்கள். 1 மி.லி. சாறு போனபின் 2 மி.லி. நீரால் கழுவி அதையும் சேர்க்க வேண்டும். இந்தக் கழுவல் மறந்த ஒரு குழாய் தனியாகக் குறைந்து நிற்கும், தொகுதி முழுவதும் குறையாது. ஆகவே ஒன்று மட்டும் குறைந்தால் இங்கே பாருங்கள், எல்லாம் குறைந்தால் குளியலைப் பாருங்கள்.

பிஹெச் 6.5-க்குக் கொண்டுவரும் இடத்தில் காகிதத்தை நம்ப வேண்டாம். நுண்முனை மின்வாய் வாங்குங்கள். காரம் ஒரு சொட்டு மிஞ்சி பிஹெச் ஏறிய சாற்றை மதிய உணவு முடியும்வரை மேசையில் விட்டால் நச்சு சிதையத் தொடங்கும். இந்த நச்சுகளுக்கு அமிலம் வீடு, காரம் பகை.

இனி ஆக்ஸிஜனேற்றம். பெராக்ஸைடு வழியில் 250 மைக்ரோலிட்டர் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்ஸைடுடன் 25 மைக்ரோலிட்டர் 10 விழுக்காடு பெராக்ஸைடு, அதில் 100 மைக்ரோலிட்டர் சாறு, அறை வெப்பத்தில் 2 நிமிடம், 20 மைக்ரோலிட்டர் அடர் அசிட்டிக் அமிலத்தால் நிறுத்தம். நம் ஊரில் கெடுவது பெராக்ஸைடு. மின்தடையில் ஃபிரிட்ஜ் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் அது வலிமை இழக்கும். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி, நீர்த்த கரைசலை அவ்வப்போது புதிதாகச் செய்யுங்கள். 'அறை வெப்பம்' என்பதும் ஏ.சி. ஓடும் அறைக்குச் சொன்னது. மே மாதத்தில் ஏ.சி. நின்ற அறை 36 டிகிரி இருக்கும், அங்கே இரண்டு நிமிடத்தின் பொருளே வேறு.

பெர்அயோடேட் வழிக்கான கரைசலை அன்றன்று காலையில் செய்ய வேண்டும்: 0.03 மோலார் பெர்அயோடிக் அமிலம், 0.3 மோலார் அம்மோனியம் ஃபார்மேட், 0.3 மோலார் டைசோடியம் ஹைட்ரஜன் ஃபாஸ்பேட் சம அளவில், பிஹெச் 8.2. ஃபாஸ்பேட் ஃபிரிட்ஜில் படிகமாக இறங்கியிருந்தால் மேலே உள்ள தெளிவை மட்டும் ஊற்றுவது பெரும் தவறு. வெதுவெதுப்பாக்கி முழுதும் கரைத்துவிட்டு எடுங்கள். சாக்ஸிடாக்ஸின் குழுவைச் சேர்ந்த நியோசாக்ஸிடாக்ஸின், ஜி.டி.எக்ஸ்.1,4 ஆகியவை இந்த வழியில்தான் தெரியும், பெராக்ஸைடில் தெரியாது. ஆகவே பெர்அயோடேட் கெட்ட நாளில் பெராக்ஸைடு முடிவு அழகாகவே வரும், பாதி நச்சு மட்டும் காணாமல் போயிருக்கும்.

இரண்டும் சரி, ஆனாலும் எல்லாப் பீக்கும் சின்னது என்றால் ஒளிர்வுக் கண்டறிவானின் விளக்கு. தூய நீரை நிரப்பி 350 நானோமீட்டரில் தூண்டி 397-இல் ராமன் சைகையை (நீரே சிதறடிக்கும் ஒளி) பாருங்கள். புது விளக்கு போட்ட நாளின் எண்ணோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அந்த நாளின் எண்ணை எழுதி வைக்காதவர் இன்று எழுதத் தொடங்கலாம்.

அறிகுறி: நச்சில்லா மாதிரியிலும் பீக் வருகிறது

சிப்பிச் சாற்றில் தானாகவே ஒளிரும் பொருட்கள் உண்டு. ஆக்ஸிஜனேற்றம் செய்யாத சாற்றை அதே முறையில் செலுத்திப் பாருங்கள். அங்கேயும் அதே நேரத்தில் பீக் இருந்தால் அது நச்சல்ல, அந்தப் பரப்பைக் கணக்கில் கழிக்க வேண்டும். நேர்மறை மாதிரி ஒவ்வொன்றுக்கும் இந்தச் செலுத்தல் கட்டாயம். நேரம் போகிறது என்று விட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது, தலைவர் அதை அனுமதிக்கக்கூடாது.

வெறும் நீரிலும் பீக் வந்தால் நீரைப் பாருங்கள். கடற்கரையோர நிலத்தடி நீர் உப்பு. தூய்மிப்புக் கருவியின் ரெசின் சீக்கிரம் தீரும். 18.2 மெகாஓம் காட்டாத நீரில் எதையும் கரைக்க வேண்டாம்.

அறிகுறி: அழுத்தம் ஏறுகிறது, பீக் வரும் நேரம் நகர்கிறது

அழுத்தம் என்றால் பிரிகுழாயை (காலம் என்று வழக்கமாகச் சொல்வது) கழற்றிவிட்டு ஓட்டுங்கள். கழற்றியும் இறங்கவில்லை என்றால் அடைப்பு அதற்கு முன்னால்: ஊசி, வடிகட்டி, செலுத்தும் வால்வு. இறங்கினால் காப்புக் குழாயை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே முடியும். 0.1 மோலார் அம்மோனியம் ஃபார்மேட் நம் வெயிலில் சில நாளில் பாசி, நுண்ணுயிர் பிடிக்கும். பழைய பாட்டிலில் புதுக் கரைசலை ஊற்றி நிரப்பக்கூடாது. மின்தடையில் கருவி நின்று உப்புக் கரைசல் பம்ப் சீலில் காய்ந்தால் படிகம் சீலைக் கிழிக்கும். மின்சாரம் வந்ததும் முதலில் 10 விழுக்காடு மெத்தனால் கலந்த நீரை மெதுவாக ஓட்டி உப்பைக் கரைத்து வெளியேற்றிவிட்டுத்தான் கரிமக் கரைப்பானை ஏற்ற வேண்டும்.

நேரம் பிற்பகலில் முன்னால் நகர்ந்து இரவில் திரும்பி வந்தால் அது அறை வெப்பம். குளிரூட்டும் வசதி இல்லாத அடுப்பு, அறை 32 டிகிரி இருக்கும்போது 30-ஐக் காக்க முடியாது, சூடாக்க மட்டுமே அதற்குத் தெரியும். முறை அனுமதித்தால் 40-இல் வைத்து மறுசரிபார்ப்பு செய்யுங்கள். இல்லையென்றால் ஏ.சி.யை இன்வெர்ட்டரில் கட்டுங்கள்.

அறிகுறி: டோமோயிக் அமிலம் எல்லா மாதிரியிலும் கொஞ்சம் இருக்கிறது

டிரிப்டோஃபேனாக இருக்கும். 242 நானோமீட்டரில் அதுவும் பக்கத்தில் வந்து நிற்கும். முழு நிறமாலையைப் பாருங்கள்: டோமோயிக் அமிலத்தின் உச்சம் 242, டிரிப்டோஃபேனுக்கு 280 அருகே ஒரு மேடு. ஒன்றோடொன்று ஒட்டினால் அயனிப் பரிமாற்றக் கார்ட்ரிட்ஜில் தூய்மிக்க வேண்டும், அல்லது அசிட்டோநைட்ரைலை ஓரிரு விழுக்காடு குறைத்துப் பிரியுங்கள். வெயிலிலும் சூட்டிலும் கிடந்த சாற்றில் எபி-டோமோயிக் அமிலம் பெருகும். அதன் பீக்கையும் சேர்த்தே கூட்ட வேண்டும்.

அறிகுறி: ஒகடாயிக் அமிலம், நீராற்பகுத்தபின் குறைந்துவிட்டது

இது நடக்கவே கூடாது. காரத்தில் சூடாக்கும்போது எஸ்டர்களும் (கொழுப்பு அமிலத்தோடு பிணைந்த வடிவங்கள்) உடைந்து சேர்வதால் மொத்தம் எப்போதும் தனி அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் கணக்கு: 1 மி.லி. சாற்றில் 125 மைக்ரோலிட்டர் 2.5 மோலார் காரம், பின் அதே அளவு அமிலம் சேர்த்ததால் கனஅளவு 1.25 மடங்கு. அந்தப் பெருக்கல் விடுபட்டிருக்கும். வரம்பு மாதிரி இங்கே மி.லி.க்கு 12.8 நானோகிராம்தான் காட்டும்.

கணக்குச் சரி என்றால் காரத்தின் வலிமை, அப்புறம் சாற்றில் உள்ள பிற பொருட்கள் நிறைமானியில் நச்சின் அயனியாக்கத்தை அடக்குவது. பின்னதைப் பார்க்க நச்சில்லாத சாற்றில் செய்த ஸ்டாண்டர்டையும் மெத்தனாலில் செய்ததையும் ஒப்பிடுங்கள். மாறாக எண் காரணமின்றிக் கூடினால் மூடி. 76 டிகிரியில் 40 நிமிடம் மெத்தனால் ஆவியாகும், சாறு அடர்த்தியாகும். சூடாக்கும் முன்னும் பின்னும் குப்பியை எடை போட்டு, குறைந்ததை மெத்தனாலால் ஈடுசெய்யுங்கள். பெக்டெனோடாக்ஸின் காரத்தில் அழியும், அஸாஸ்பைராசிடும் கெடக்கூடும். ஆகவே அவற்றைப் பகுக்காத சாற்றில்தான் பார்க்க வேண்டும். ஒகடாயிக் அமிலமும் அதே குழுவின் டி.டி.எக்ஸ்.2-வும் ஒரே நிறை கொண்டவை, நிறைமானியில் 803.5-இல் இரண்டும் தெரியும். நேரத்தால் பிரியாவிட்டால் எந்த மென்பொருளும் பிரித்துத் தராது.

அறிகுறி: எலி சாகிறது, கருவி ஒன்றும் காட்டவில்லை

சாற்றை எலிக்கு ஊசியாகப் போட்டுப் பார்க்கும் முறை சில இடங்களில் இன்னும் இருக்கிறது, அதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். சாற்றில் துத்தநாகம் மிகுந்த சிப்பி, கொழுப்பு அமிலம், அளவு தவறிய பிஹெச் ஆகியவை எலியைக் கொல்லும். உப்பு மிகுந்தால் எதிர்த்திசையில் ஏமாற்றும், சாவு தாமதமாகும். ஆனாலும் 'எலிதான் தவறு' என்று முடிவு கட்டுவதற்கு முன், உங்கள் ஸ்டாண்டர்டு பட்டியலில் இல்லாத நச்சு இருக்கலாம் என்பதை நினையுங்கள். விரைவுக் கிட்டுக்கும் இதே எச்சரிக்கை: சாக்ஸிடாக்ஸினுக்கான எலைசா (எதிர்ப்பொருள் சோதனை) பல நியோசாக்ஸிடாக்ஸினை மிகக் குறைவாகவே பிடிக்கும்.

அறிகுறி: உள்சோதனை நன்றாக இருக்கிறது, திறனாய்வுச் சுற்றில் (பல ஆய்வகங்கள் ஒரே மாதிரியைப் பார்க்கும் தேர்வு) இசட்-ஸ்கோர் (விலகல் அளவு) 2-ஐத் தாண்டுகிறது

வேதியியலில் தேடாதீர்கள், அலகில் தேடுங்கள். சாக்ஸிடாக்ஸினை டைஹைட்ரோகுளோரைடு உப்பாகச் சொன்னால் மூலக்கூறு எடை 372, வெறும் வடிவில் 299. இரண்டுக்கும் 1.24 மடங்கு வித்தியாசம். வெறும் வடிவில் 0.70 என்றது உப்பு வடிவில் 0.87, ஒன்று தேர்ச்சி, மற்றது தடை. அறிக்கையில் எந்த வடிவம் என்று எழுதாத எண்ணுக்கு மதிப்பில்லை. அடுத்து நச்சுச் சமன் காரணிகள் (ஒரு நச்சின் வலிமை சாக்ஸிடாக்ஸினைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்): பழைய பட்டியலில் நியோசாக்ஸிடாக்ஸினுக்கு 1, எஃப்.ஏ.ஓ.-உலகச் சுகாதார நிறுவனத்தின் 2016 பட்டியலில் 2. சுற்று எதைக் கேட்கிறது என்று படியுங்கள். எக்செல் தாளைப் பூட்டி வைத்து, பதிப்பு எண் இடுங்கள்.

அறிகுறி: மாதக்கணக்கில் எல்லாமே 'கண்டறியப்படவில்லை'

நல்ல செய்தியாகவும் இருக்கலாம், ஆய்வகம் குருடாகிவிட்டதாகவும் இருக்கலாம். தொழில்நுட்பருக்குத் தெரியாமல் வழக்கமான மாதிரி எண்ணுடன் வரம்பில் பாதி, அதாவது கிலோவுக்கு 0.4 மி.கி. சாக்ஸிடாக்ஸின் சேர்த்த விழுதை மாதம் ஒருமுறை நுழையுங்கள். பிடிபடவில்லை என்றால் கடைசியாகப் பிடிபட்ட நாளுக்குப் பின் வந்த முடிவுகள் அனைத்தும் கேள்விக்குரியவை.

கூடவே நீரையும் பாருங்கள். நச்சைச் செய்யும் நுண்பாசிகளான அலெக்ஸாண்ட்ரியம், ஜிம்னோடினியம் கேடனேட்டம், டைனோஃபைசிஸ், சூடோ-நிட்ஷியா ஆகியவை எண்ணிக்கையில் ஏறும்போது மட்டியில் பூஜ்யம் என்றால் மறு மாதிரி எடுங்கள். கடல் சிவந்துவிட்டது என்று தொலைபேசி வருவதும் உண்டு. நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகினாலும் நீர் சிவக்கும், அது இந்த நச்சுகளைச் செய்வதில்லை. நிறம் மாறாத தெளிந்த நீரிலும் நச்சு மட்டி இருக்கும். இரண்டு பக்கமும் நிறம் ஏமாற்றும்.

அறிகுறி: ஸ்டாண்டர்டு தீரப்போகிறது

இதைக் கோளாறாகவே நடத்துங்கள். சாக்ஸிடாக்ஸின் வேதியாயுத உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நம் நாட்டில் அதற்கு 2000-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. கடைக்குப் போன் போட்டு வரவழைக்கும் பொருள் அல்ல, அனுமதிகளுக்கு மாதங்கள் ஆகும். ஆறு மாதக் கையிருப்புக்குக் கீழே போனதும் விண்ணப்பம் போக வேண்டும். ஒவ்வொரு மைக்ரோலிட்டருக்கும் பதிவேட்டில் இரு கையெழுத்து. பழைய கரைசலும் தொட்ட பொருட்களும் ஹைப்போகுளோரைட்டில் ஊறிய பிறகே கழிவுக்குப் போக வேண்டும்.

அறிகுறி: முடிவு வரம்பை ஒட்டி நிற்கிறது, வெளியே ஆள் காத்திருக்கிறார்

0.76 வந்திருக்கிறது, உங்கள் அளவீட்டு ஐயப்பாடு 0.15. தேர்ச்சியா? இதற்கான விதியை ஆய்வகங்களுக்கான தரநெறி ஐ.எஸ்.ஓ. 17025 முன்கூட்டியே எழுதி வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. எண்ணைப் பார்த்தபின் விதி செய்வது கூடாது. விதி இல்லையென்றால் 'முடிவு நிலுவை' என்று எழுதிக் கொடுத்து, அதே விழுதைப் புதிதாக இரண்டு முறை சாறெடுத்து ஓட்டுங்கள். வரம்பைத் தெளிவாகத் தாண்டியது என்றால் மறு ஓட்டத்துக்குக் காத்திராமல் அன்றே மாவட்ட நியமன அலுவலருக்கும் மீன்வளத் துறைக்கும் தொலைபேசியில் சொல்லி, சொன்ன நேரத்தைக் குறித்து வையுங்கள். உறுதிப்படுத்தும் ஓட்டம் பின்னால் வரட்டும். மீதி விழுதை -20 டிகிரியில் பூட்டி வைத்து, சாவியை ஒருவரிடம் கொடுங்கள்.